சுருக்கிச் சொல்லும் மகன்

என் வேடத்தை விளக்கி ஒரு தாள் தந்திருந்தார்கள். அதில் எனக்குப் பெயர் இல்லை, மகன் என்று மட்டும் இருந்தது. மகன் தாயுடன் ஒரே வீட்டில் வசிக்கிறான். தாய்க்கு ஜெர்மன் மொழி தெரியாது. வைத்தியர் கேட்பதை அவன்தான் தாய்க்குச் சொல்ல வேண்டும், தாய் சொல்வதை வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அவன் முழுவதையும் சொல்வதில்லை. சுருக்குவான். தாய் நீளமாகப் பேசினாலும் "பெரிதாக ஒன்றுமில்லை" என்று முடித்துவிடுவான். பரீட்சை எழுதும் மாணவர் இதைக் கண்டுபிடித்து அவனை நிறுத்த வேண்டும். அதற்குத்தான் புள்ளி.

நான் ஜெர்மனியில் ஹம் நகரத்தில் ஒரு வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு எக்ஸ்ரே எடுக்கவும் சத்திரசிகிச்சைக்கும் போவது என் வேலை. பின்னேரங்களில் மாலைப் பள்ளிக்குப் போய், பல்கலைக்கழகம் போவதற்கான பரீட்சைக்குப் படிக்கிறேன். ஜெர்மன் பாட ஆசிரியர் எல்லோரையும் தினமும் ஏதாவது எழுதச் சொன்னார், எந்த மொழியிலும் எழுதலாம் என்றார். நான் தமிழில் எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் அக்காவின் குழந்தையைப் பார்க்க லண்டனுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட பிறகு, வீட்டில் தமிழுக்கு வேறு வேலை இல்லை. எழுதுவது சரியா என்று தெரியாத இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறேன். கோடுகள்தான் அதிகம்.

ஒரு பல்கலைக்கழகத்தோடு எங்கள் வைத்தியசாலை ஒப்பந்தம் செய்துகொண்டதால், கடைசி வருட மருத்துவ மாணவர்கள் இங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். காலை ரயிலில் வந்து பின்னேர ரயிலில் போவார்கள். நிலக்கீழ்த் தளத்தில் பழைய சலவைக்கூடத்தைச் சிறு அறைகளாகப் பிரித்து அவர்களுக்குப் பரீட்சை வைக்கிறார்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு போலி நோயாளி இருப்பார். மணி அடித்தால் மாணவர் உள்ளே வருவார், மறுபடி அடித்தால் அடுத்த அறைக்குப் போவார். இதையெல்லாம் ஒழுங்கு செய்பவர் திருமதி ஹோல்ட்கம்ப்.

"போன வருடம் துருக்கி மொழி வைத்தேன். பாதிப் பேருக்கு விளங்கிவிட்டது" என்றார் அவர். "அதற்கு முன் ரஷ்ய மொழி, அதுவும் அப்படியே. இந்த வகுப்பில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, விசாரித்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்த அம்மா யாராவது இருக்கிறாரா?"

மூன்றாம் மாடியைத் துப்புரவு செய்யும் புஸ்பவதி அக்காவைத்தான் எனக்குத் தெரியும். அவருக்கும் ஜெர்மன் சரியாக வராது. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது இரண்டு வார்த்தை பேசுவார். சில நாட்களில் நான் தமிழில் பேசுவது அந்த இரண்டு வார்த்தை மட்டும்தான்.

"நடிக்கிறதோ? நான் பள்ளிக்கூடத்திலை கூட மேடையேறேல்லை, தம்பி."

"கதிரையிலை இருந்து வயிறு நோகுதெண்டு சொன்னாக் காணும் அக்கா."

"இருந்து செய்யிற வேலையோ? அப்ப வாறன். இந்த நாட்டிலை எனக்கு ஆரும் அப்பிடி ஒரு வேலை தந்ததில்லை."

தாயின் நோய் பித்தப்பைக் கல். ஒத்திகையில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டால் வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடிக்கிறது, முதுகுக்கும் போகிறது. கையை அந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும். திருமதி ஹோல்ட்கம்ப் அவருடைய கையைப் பிடித்து இடத்தைக் காட்டினார். பிறகு என்னை வெளியே அழைத்துப் போய், "மகன் சுருக்குவது தாய்க்குத் தெரியக் கூடாது. அவருக்குச் சொல்லாதீர்கள். உங்களை நம்பிப் பார்க்கிற அந்த முகம் அப்படியே இருக்கட்டும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். எல்லா மாணவருக்கும் ஒரே நோயாளி கிடைக்க வேண்டும். ஒரு சொல்லைக் கூட்டினாலும் அடுத்தவருக்கு அநியாயம். நான் தாளை மனப்பாடம் செய்தேன். குளியலறையில் நின்று "பெரிதாக ஒன்றுமில்லை" என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

பரீட்சை வியாழன் காலை நடந்தது. அறை மூலையில் டொக்டர் லூடர்ஸ் மடியில் பலகை வைத்துப் புள்ளி போட உட்கார்ந்திருந்தார். அவர் பேசக் கூடாது.

முதலில் வந்தவன் உயரமான பையன். அக்காவின் முகத்துக்கு நேரே முகம் வரும்படி கதிரையைத் தாழ்த்திக்கொண்டு இருந்தான். அக்கா சொல்லிக் கொடுத்ததை ஒன்றும் பிசகாமல் சொன்னார்.

"றோல்ஸ், வடை ஏதும் திண்டா இந்தப் பக்கம் பிடிக்குது. பிறகு முதுகுக்குப் போகுது. சத்தி எடுக்கவும் வரப் பாக்கும்."

நான் சொன்னேன்: "சாப்பிட்டால் கொஞ்சம் வலிக்கிறதாம். பெரிதாக ஒன்றுமில்லை."

அவன் என்னிடம், "நீங்கள் அம்மாவோடுதான் இருக்கிறீர்களா?" என்று கேட்டான்.

"ஆம், ஒன்றாகத்தான்."

பிறகு அவன் அக்காவைப் பார்த்து, "உங்களுக்கு இதைப் பற்றி என்ன பயம்?" என்று கேட்டான். நான் அதைத் தமிழில் கேட்டேன். தாளில் இருந்த பதில், பயம் ஒன்றுமில்லை, மருந்து தந்தால் போதும் என்பது. அக்கா அதையே சொன்னார். ஆனால் சொல்வதற்கு முன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அடுத்து பின்னல் போட்ட பெண் வந்தாள். அக்காவின் கை சொல்லிக் கொடுத்த இடத்திலேயே இருந்தது. வாய் வேறு சொன்னது.

"படி ஏறேக்கை நெஞ்சிலை ஆரோ குந்தியிருக்கிற மாதிரிக் கிடக்கு, பிள்ளை. நிண்டா விடுகுது. இப்ப கொஞ்ச நாளா படுத்திருக்கேக்கையும் வருது. இடக்கை விறைக்குது. வாளியைத் தூக்கேலாமல் கிடக்கு."

அவர் மறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். மறந்ததால் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று. எனக்கு என் வரி இருந்தது. "சாப்பிட்டால் கொஞ்சம் வலிக்கிறதாம்" என்றேன்.

மூன்றாமவரிடமும் நெஞ்சைத்தான் சொன்னார். நாலாமவரிடம் சொன்னபோது, பொங்கல் கழிந்து தொடங்கியது என்று சேர்த்துச் சொன்னார். மறந்தவர் ஒரே பிழையை இப்படி ஒழுங்காகத் திருப்பிச் சொல்ல மாட்டார். அது அவருடைய சொந்த நோ என்று எனக்கு அப்போது விளங்கியது. விளங்கிய பிறகும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த அறையில் இருக்கும் மாணவரின் பரீட்சை கெடும். நான் விளங்கிக்கொண்டதே பிழையாகவும் இருக்கலாம். படுக்கை தள்ளுகிறவன் நான், எனக்கு என்ன தெரியும். அடுத்த மணி அடிக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன்.

கடைசிக்குக் கிட்ட கண்ணாடி போட்ட சிறிய பெண் ஒருத்தி வந்தாள். அக்கா பேசிக்கொண்டிருந்தபோது கை மெல்ல மேலேறி மார்பு நடுவில் நின்றது. நான் என் வரியைச் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"மன்னியுங்கள். உங்கள் அம்மா இவ்வளவு நேரம் பேசினார். நீங்கள் சொன்னது ஒரு வரி. அவர் நெஞ்சில் கை வைத்தார். அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எனக்குச் சொல்லுங்கள்."

டொக்டர் லூடர்ஸ் நிமிர்ந்தார். இப்படிக் கேட்டால் மகன் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தாளில் இருக்கிறது. எந்த உண்மை என்பதும் அதிலேயே இருக்கிறது. நான் றோல்ஸையும் வடையையும் வலது விலாவையும் முதுகையும் முழுதாகச் சொன்னேன். அவள் இன்னும் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், "சில நேரம் எரிவு நெஞ்சுவரை வருமாம்" என்று நானாக ஒன்றையும் சேர்த்தேன். தாளில் அது இல்லை. அவள் நன்றி சொன்னாள். டொக்டர் எதையோ எழுதினார். அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நன்றாகச் சொன்னாய் என்பது போல.

முடிந்த பிறகு கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றோம். அக்காவை நான் அவ்வளவு சந்தோசமாகக் கண்டதில்லை.

"மனம் லேசாப் போச்சுது, தம்பி."

"ஏன் அக்கா?"

"உனக்குத் தெரியுந்தானே, நீதானே சொன்னனி. அந்த முதல் வந்த பெடியன் எவ்வளவு வடிவாக் கேட்டவன். என்ன பயம் எண்டு என்னட்டை ஆரும் கேட்டதில்லை. அப்பதான் நினைச்சன், வயித்துக் கதையைச் சொல்லி என்ன, இருக்கிறதைச் சொல்லுவம் எண்டு. மூலையிலை பெரிய டொக்டரும் இருந்து எழுதினவர். ஏதும் பாரதூரமெண்டா விட்டிருப்பினமே? ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அப்ப ஒண்டுமில்லை."

"உங்கடை டொக்டரிட்டைச் சொல்லேல்லையோ?"

"அங்கை முன்னுக்கு இருந்து டொக்டரைப் பாக்க டெர்மின் குடுக்கிற பிள்ளை மாப்பிள்ளையின்ரை மச்சாள். மகள் கம்சனாவுக்கு ஆவணியிலை கலியாணம். தாய்க்கு நெஞ்சு வருத்தமெண்டு போச்செண்டா, பெட்டைக்கும் இருக்குமோ எண்டு அவை யோசிப்பினம். இவருக்குக்கூட நான் மூச்சு விடேல்லை. நீயும் வாய் திறவாதை."

பேருந்து வந்தது. அவர் ஏறிக் கண்ணாடிக்கு உள்ளே இருந்து கை காட்டினார். நானும் காட்டினேன்.

அன்று பின்னேரம் வரலாற்றுப் பாடம். ஆசிரியர் பேசியதில் ஒன்றும் என் கொப்பியில் ஏறவில்லை. அவர்கள் கேட்டது என் ஜெர்மன் மட்டும்தான் என்று அக்காவுக்குத் தெரியாது. தன்னை வரிசையாகப் பலர் பார்த்து ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டு அவர் இனி வைத்தியரிடம் போகவே மாட்டார். இடைவேளையில் முற்றத்துக்குப் போய் அவருடைய வீட்டுத் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். புருசன் யோகலிங்கம் எடுத்தார்.

"ஆர் கதைக்கிறது?"

"மதிசுதன், அண்ணை. ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிறன். அக்கா இருக்கிறாவோ?"

"ஓ, நடிகரோ. உம்மடை அம்மா குசினிக்கை சமைச்சபடி பாட்டும் படிச்சுக்கொண்டு நிக்கிறா. கனநாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் பாட்டு. என்ன அவசரமோ?"

அவருக்குக்கூடச் சொல்லாத விசயம். "இல்லை அண்ணை. நாளைக்குக் காணுறன்" என்றேன்.

"ஓம், வையும்."

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எடுக்க நினைத்தேன். அம்மா என்ன சொல்வார் என்று தெரியும். ஊர் வில்லங்கத்தைத் தலையில் போடாதே என்பார். எடுக்கவில்லை.

வெள்ளி மதியம் மூன்றாம் மாடியில் அக்கா நடைபாதை துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, ஒன்றையும் விடாமல் சொன்னேன். மகன் சுருக்க வேண்டும் என்பதுதான் என் வேடம் என்று. நெஞ்சு என்ற சொல்லை நான் அவர் சொன்னபடி ஒரு தடவைகூட ஜெர்மனில் சொல்லவில்லை என்று. அந்தப் பெரிய டொக்டர் எழுதியது பித்தப்பையைப் பற்றி என்று.

அவர் துடைப்பத் தடியைச் சுவரில் சாய்த்தார்.

"அப்ப அவைக்கு ஒண்டும் தெரியாது."

"தெரியாது அக்கா."

"நான் அவ்வளவு பேருக்கும் சொன்னது…"

"எனக்கு மட்டுந்தான் விளங்கினது."

"உனக்கு விளங்கினது." அதை அவர் கேள்வியாகச் சொல்லவில்லை. "விளங்கிக்கொண்டு இருந்தனி. என்ரை பிள்ளைக்குச் சொல்லாததை உன்ரை முகத்தைப் பாத்துச் சொல்லிக்கொண்டிருந்தன், நீ வடை, றோல்ஸ் எண்டு கதைச்சுக்கொண்டு இருந்தனி."

"ஓம்."

"நல்ல மகன்."

"இப்ப கீழை அவசர சிகிச்சைக்குப் போவம். நான் வாறன்."

"இஞ்சை என்னை எல்லாருக்கும் தெரியும்."

"தமிழர் ஒருத்தரும் இல்லை அக்கா. அவை வெளியிலை சொல்லேலாது, சட்டம்."

"சட்டம்." அவர் மறுபடி தடியை எடுத்தார். இரண்டு இழுவை இழுத்துவிட்டு நின்றார். உதடு வெளிறியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். "பாதியிலை விட்டிட்டு வரேலாது. மேற்பார்வைக்காரி வந்தா ஏசுவா."

நான் தடியை எடுத்து மிச்ச நடைபாதையைத் துடைத்தேன். அவர் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி கூடிப்போச்சு. பிழிஞ்சு போட்டுத் துடை. உன்னை ஆர் வளத்தது?"

முடிந்ததும் கையுறைகளைக் கழற்றினார். "சரி, வா" என்றார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி என்னைப் பார்த்து, "மகனா?" என்று கேட்டார்.

"இல்லை. கூட வேலை செய்கிறவன். மொழிபெயர்க்க வந்தேன்."

அக்காவை ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நெஞ்சில் ஆள் குந்தியிருப்பதையும் வாளியையும் பொங்கலையும் சொன்னேன். படுத்தால் வருவதைச் சொன்னதும் இளம் வைத்தியர் எழுதுவதை விட்டு எழுந்து, ஈசிஜி எடுக்கச் சொன்னார். இரத்தமும் எடுத்தார்கள். சட்டை மாற்றிப் படுக்கையில் விட்டார்கள். கம்பிகள் போட்ட பிறகு அக்கா சிறிதாகத் தெரிந்தார்.

"கம்சனாவுக்கு ஃபோன் அடி" என்று இலக்கத்தைச் சொன்னார்.

கம்சனாவுக்கு டுசல்டோர்ஃபில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. "நீங்கள் ஆர்?" என்று கேட்டாள். சொன்னேன். "உங்களுக்கு எப்பிடி முதலே தெரியும்?" அதைச் சுருக்கிச் சொல்ல முடியாது. "வாங்கோ, வந்தாப் பிறகு சொல்லுறன்" என்றேன்.

அவள் வரும்வரை நான் இருந்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். இன்றைக்கு மாலைப் பள்ளியில் கணித வினாத்தாள் என்பது ஒரு முறை நினைவு வந்து போனது.

கம்சனா வேலை உடுப்போடு ஓடி வந்தாள். தாயின் கையைப் பிடித்தாள், நெற்றியைத் தொட்டாள். பிறகு என்னிடம், "நீங்கள்தானே எடுத்தது. தாங்ஸ். இனி நான் பாக்கிறன்" என்றாள். நான் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனபோது வைத்தியர் வந்தார். அவருக்கு வழிவிட நின்றேன்.

அவர் கட்டிலோரம் இருந்து நிதானமாகச் சொன்னார். ஈசிஜியில் மாற்றம் இருக்கிறது. இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்று ஒடுங்கியிருக்கலாம், இரத்தப் பரிசோதனையும் அதைத்தான் காட்டுகிறது. நாளைக் காலை மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்ப்பார்கள். ஒடுக்கம் இருந்தால் அங்கேயே விரித்து, சிறு வலைக்குழாய் வைப்பார்கள். அதுவரை அவர் எழுந்து நடக்கக் கூடாது. நெஞ்சு நொந்தால் உடனே மணி அடிக்க வேண்டும், எவ்வளவு சிறிய நோ என்றாலும்.

கம்சனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள்.

"ஒண்டுமில்லை அம்மா. நாளைக்கு ஒரு செக் பண்ணுவினம். பிறகு வீட்டை வரலாம்."

அக்கா அவளைப் பார்த்தார். பிறகு கதவடியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"தம்பி, அவர் கனக்கக் கதைச்சவர். என்ன சொன்னவர்?"

"அம்மா, நான்தானே சொன்னனான்" என்றாள் கம்சனா. என்னிடம் ஜெர்மனில், தணிந்த குரலில் சொன்னாள்: "தயவுசெய்து. இன்று இரவு அவர் நித்திரை கொள்ள வேண்டும். பயந்தால் இன்னும் கூடும். அவர் என் அம்மா."

அவள் சொன்னதில் பிழை இல்லை. பயந்தால் கூடும் என்பது உண்மையாகவும் இருக்கலாம். மகளுக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? நான் வெளியாள், ஜக்கெற்றையும் போட்டுவிட்டேன். ஆனால் நெஞ்சு நொந்தால் மணி அடிக்க வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை. சின்ன நோ என்றால் அக்கா அடிக்க மாட்டார்.

நான் கட்டிலடிக்குப் போய், வைத்தியர் சொன்ன ஒழுங்கிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மணிக்கட்டையும் குழாயையும் வலையையும் விடவில்லை. மணியை எடுத்து அவர் கைக்குள் வைத்தேன். கம்சனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா கேட்டுவிட்டு, "செத்துப்போகக் கூடுமோ எண்டு கேள்" என்றார்.

கேட்டேன். மிக அரிதாகத்தான் என்றார் வைத்தியர், இதைச் செய்யாமல் விட்டால்தான் அந்த ஆபத்து அதிகம் என்றார். அதையும் அப்படியே சொன்னேன்.

"ம்" என்றார் அக்கா. பிறகு மகளிடம், "உன்ரை அப்பாவுக்கும் இதை இப்பிடியே சொல்லு, பிள்ளை. குறைக்காதை" என்றார்.

"மாப்பிள்ளை வீட்டவைக்கு?" கம்சனா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவையை நாளைக்குப் பாப்பம்."

நான் போய்வருகிறேன் என்று சொன்னேன். அக்கா தலையாட்டினார். கம்சனா திரும்பவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கு இனிப் போய்ப் பயனில்லை. வீட்டுக்கு வந்து அரிசி போட்டேன், இரண்டு பேருக்குக் காணும் அளவு வந்துவிட்டது. இன்று நடந்ததை எழுத உட்கார்ந்து, எதற்குக் கீழே பென்சில் கோடு போடுவது என்று தெரியாமல் மூடி வைத்தேன்.

சனிக்கிழமை எனக்கு வேலை. மதியம் கழித்து இதயப் பிரிவு வாசலுக்குப் போனேன். உள்ளே வந்துபோவது என் தொழில்தான், ஆனாலும் மணியை அழுத்தி வெளியே நின்றேன். தாதி ஒருவர் கதவைத் திறந்தார்.

"திருமதி யோகலிங்கத்தைப் பற்றிக் கேட்க வந்தேன். எப்படி இருக்கிறார்?"

"நீங்கள் குடும்பத்தவரா?"

"இல்லை."

"அப்படியென்றால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரிந்திருக்குமே."

"தெரியும்" என்றேன்.

கதவு மெதுவாக மூடிக்கொண்டு வந்தது. உள்ளே, நடைபாதையின் கடைசியில் எங்கோ, அக்காவின் குரல் கேட்டது. யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். என்னையாகவும் இருக்கலாம். சொற்கள் விளங்கவில்லை. இடையில் எங்கும் மூச்சு வாங்காமல் நீளமாகப் பேசுகிறார் என்பது மட்டும் கேட்டது. கதவு முழுதாக மூடும்வரை நின்றுவிட்டு, கட்டில் காத்திருந்த இடத்துக்குப் போனேன்.